யாழ்ப்பாணத்தில் ஒரு நாள்: நகரா, தீவா, வடகரையா?

நல்லூர் கொடியேறும் நாட்களில் ஒருமுறை, தைப்பொங்கலுக்குக் கிட்ட இன்னொருமுறை, சொந்தக்காரரிடமிருந்து இந்தக் கேள்வி தவறாமல் வரும்: "ஒரு நாள்தான் கையில இருக்கு. வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடக்காமல் வெளியில சுத்திப் பார்க்க எந்தப் பக்கம் போறது?" 2023 ஒக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியதிலிருந்து தமிழ்நாட்டு நண்பர்களும் இதையே கேட்கிறார்கள்.

போவதற்கு மூன்று திசைகள் உண்டு. ஒன்று, நகரும் நல்லூரும். இரண்டாவது, பண்ணைப் பாலம் தாண்டி மேற்கே போகும் தீவுகள். மூன்றாவது, கீரிமலையில் தொடங்கி வல்வெட்டித்துறை, பருத்தித்துறை, மணற்காடு வரை நீளும் வடகரை. வரைபடத்தில் எல்லாம் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதைப் பார்த்துத்தான் பலர் மூன்றையும் ஒரே நாளில் போட்டுக்கொள்கிறார்கள். வான்காரரிடம் கேட்டால் அவரும் "காட்டலாம்" என்பார். காட்டவும் செய்வார். ஆனால் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் வானின் கண்ணாடியாகத்தான் இருக்கும். மூன்றில் ஒன்றைத் தேர்ந்தால் போன இடத்தில் கொஞ்சம் நிற்கலாம், நிழலில் குந்தலாம்.

திசைகளை ஒப்பிடும் முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மதில் முழுக்க வண்ண ஓவியம், தெருமுனைதோறும் புதுமாதிரிச் சிற்பம் என்று தேடி வந்தால் இந்த ஊர் ஏமாற்றும். 2019இன் கடைசியில் நாடு முழுக்க இளைஞர்கள் தூரிகையோடு மதில்களில் இறங்கினார்கள். அந்த அலை இங்கேயும் அடித்தது. அதில் வெயிலும் மழையும் தேர்தல் போஸ்டர்களும் விட்டுவைத்தது கொஞ்சம்தான். யாழ்ப்பாணத்தின் பொதுக்கலை வேறு வடிவத்தில் இருக்கிறது: சிலை, நினைவுத்தூண், தோரணவாசல், கேணி, மடம், சுமைதாங்கி, தேர், சப்பறம், பட்டம். இவற்றில் பலவும் யாரோ வைத்து, யாரோ உடைத்து, மறுபடி ஊரவர் கட்டியவை. அந்தக் கதை தெரியாமல் பார்த்தால் வெறும் சீமெந்து. தெரிந்து பார்த்தால் ஒரு நாள் காணாது.

நகரும் நல்லூரும்

என்னிடம் கேட்டால், முதல்முறை வருபவருக்கு நான் சொல்வது இதைத்தான். சைக்கிளில் சுற்றக்கூடிய ஒரே திசை இது. நகர மையத்திலிருந்து நல்லூர் மூன்று கிலோமீற்றருக்குள் இருக்கிறது, ஏற்ற இறக்கமே இல்லாத சமதரை. வெயில் தாங்காவிட்டால் எந்தச் சந்தியிலும் ஓட்டோ கிடைக்கும். இங்கே கவனமாக இருக்க வேண்டியது நேர ஒழுங்கில்தான். பலர் காலை பத்து மணிக்குக் கோட்டையில் தொடங்கி, நண்பகலில் கருகி, நல்லூர் போய்ச் சேரும்போது நடை சாத்தியிருக்கும். தலைகீழாகச் செய்யுங்கள். விடிய நல்லூர், பின்னேரம் கோட்டை.

இப்போதுள்ள நல்லூர்க் கந்தசுவாமி கோயில் 1734இல் எழுந்தது. பழைய கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்த பிறகு, ஒல்லாந்தர் காலத்தில், இரகுநாத மாப்பாண முதலியார் எழுப்பியது. காலை ஆறு மணிக்கு வெளிவீதி மணல் இன்னும் குளிர்ந்திருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு சுற்று நடந்தாலே வந்த பயன் கிடைத்துவிடும். உள்ளே போகும் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்ற வேண்டும், படம் எடுக்க விடமாட்டார்கள். விலைவாசி எங்கெங்கோ போன பிறகும் இங்கே அர்ச்சனைச் சீட்டு ஒரு ரூபாய் என்பது ஊரின் பெருமை. தெற்கிலும் வடக்கிலும் அண்மைக் காலத்தில் எழுந்த இராஜகோபுரங்களைப் பற்றி இரண்டு அபிப்பிராயம் உண்டு. பழைய முகப்பின் அடக்கத்தை அவை அமுக்கிவிட்டன என்பது என் கட்சி. காலை வெயில் பொன்நிறத்தில் விழும்போது அந்தக் கட்சி கொஞ்சம் ஆட்டம் காணும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கோயிலிலிருந்து முத்திரைச் சந்திக்கு நடந்தே போகலாம். அங்கேதான் யாழ்ப்பாண அரசை ஆண்ட சங்கிலிய மன்னனின், குதிரைமேல் வாளேந்திய சிலை. முதலில் 1974இல் வைத்தார்கள். 2011இல் திருத்திப் புதிதாகத் திறந்தார்கள். பழைய சிலையின் தோற்றம் மாறிவிட்டது என்று அப்போது ஊரில் கதை பலமாக அடிபட்டது. அதை மனதில் வைத்துக்கொண்டு சிலையைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள். அரசன் எந்த முகத்தோடு நிற்க வேண்டும் என்பதற்குக்கூட ஓர் ஊர் சண்டை பிடிக்கும் என்பது விளங்கும். அங்கிருந்து பருத்தித்துறை வீதியைப் பிடித்தால் சங்கிலித்தோப்பு வளைவு வரும். அரண்மனையின் வாசல் என்று ஊர் நம்பும் தோரணம் அது. பக்கத்தில் மந்திரிமனை, சற்று உள்ளே யமுனா ஏரி. மந்திரிமனையின் இன்றைய கட்டடம் அரசர் காலத்தது இல்லை, பிந்தியது. ஆனால் மரத்தூண்களும் முகப்பு வளைவும் அழகானவை. அண்மைய மழையொன்றில் அதன் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. அதனால் உள்ளே ஏறி நிற்க ஆசைப்படாமல் வீதியில் நின்று பாருங்கள். இங்கே பெயர்ப்பலகை இருக்கும், விளக்கம் இருக்காது. முன்கூட்டியே வாசித்துவிட்டுப் போவது நல்லது.

பத்து மணிக்குள் இவ்வளவும் முடியும். பிறகு வீட்டுக்கோ விடுதிக்கோ போய், சாப்பிட்டு, படுத்து எழும்புங்கள். இதை நான் சோம்பேறித்தனத்துக்காகச் சொல்லவில்லை. ஏப்ரலிலிருந்து ஓகஸ்ட் வரை நண்பகல் வெயிலில் கோட்டைக்குள் போனவர்களுக்குத் தலையிடியைத் தவிர வேறொன்றும் ஞாபகத்தில் நிற்பதில்லை. மூன்று மணிக்கு மேல் நல்லூர்ப் பக்கம் ஒரு ஐஸ்கிறீம் சாப்பிட்டுவிட்டு நகரத்துக்கு இறங்கலாம்.

நகரப் பகுதியின் நல்ல விஷயம், பார்க்க வேண்டியவை ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே நிற்பதுதான். மணிக்கூட்டுக் கோபுரம், பொது நூலகம், பண்பாட்டு மையம், முற்றவெளி, கோட்டை எல்லாம் நடை தூரம். மணிக்கூட்டுக் கோபுரம் 1875இல் வேல்ஸ் இளவரசர் இலங்கைக்கு வந்ததன் நினைவாக ஸ்மிதர் என்ற ஆங்கிலேயக் கட்டடக்கலைஞர் வரைந்தது. போரில் உடைந்து, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மறுபடி எழுந்தது.

நூலகத்தைப் பற்றித் தமிழ் வாசகருக்குப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? 1933இல் க. மு. செல்லப்பா தன் வீட்டில் தொடங்கிய சிறு வாசிப்பகம் வளர்ந்து, சென்னைக் கட்டடக்கலைஞர் நரசிம்மன் வரைந்த கட்டடமாக 1959இல் திறக்கப்பட்டது. 1981 ஜூன் முதல் நாளுக்கு முந்தைய இரவில் எரிக்கப்பட்டது. 97,000 நூல்களும் ஏடுகளும் போயின. இன்று நீங்கள் பார்க்கும் வெள்ளைக் கட்டடம் 2003இலிருந்து இயங்குகிறது. வாசலில் வீணையோடு சரஸ்வதி சிலை. நூலகம் எழ உழைத்த லோங் அடிகளாருக்கும் அங்கே சிலை உண்டு. பெரும்பாலானோர் சரஸ்வதியோடு படமெடுத்துக்கொண்டு அவரைக் கவனிக்காமலே திரும்பிவிடுகிறார்கள். உள்ளே பிள்ளைகள் படித்துக்கொண்டிருப்பார்கள். பார்வையாளருக்கு என்று பின்னேரத்தில் ஒதுக்கிய நேரம் இருக்கும், வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நூலகத்தையொட்டிப் புல்லுக்குளக் கரையில் உயர்ந்து நிற்பது இந்திய உதவியில் கட்டிய பண்பாட்டு மையம். 2023இல் மக்களிடம் கையளித்தார்கள். 2025 தொடக்கத்தில் அதற்குத் திருவள்ளுவர் பெயரைச் சூட்டினார்கள். "யாழ்ப்பாணம்" என்ற சொல் எங்கே போயிற்று என்று ஊர் கேட்டதும் அதையும் சேர்த்துக்கொண்டார்கள். வள்ளுவரோடு யாருக்கும் பகை இல்லை. ஆனால் இந்த நகரத்தில் ஒரு பலகையில் என்ன எழுதுவது என்பதும் பொதுக்கலை மாதிரித்தான், ஆளுக்கொரு கருத்து வரும்.

முற்றவெளிப் பக்கம் போனால் 1974 ஜனவரியில் நடந்த தமிழாராய்ச்சி மாநாட்டின் கடைசி நாளில் உயிரிழந்தவர்களுக்கான நினைவுத்தூண்கள் நிற்கின்றன. கொஞ்சம் தள்ளித் தந்தை செல்வா நினைவுத்தூபி. உயரத்தால் அது தூரத்திலேயே கண்ணில் படும். தூண்களோ தேடிப் போகாதவருக்குத் தெரியாது. நகரத்தில் ஒரேயொரு நினைவுச்சின்னத்தின் முன் நிற்க நேரம் இருந்தால் நான் அந்தத் தூண்களின் முன் நிற்கச் சொல்வேன்.

பிறகு கோட்டை. ஐந்து மணிக்கு. போர்த்துக்கேயர் தொடங்கியதை 1658இல் ஒல்லாந்தர் பிடித்து, ஐங்கோணமாக மாற்றி, வெளி அரண்களை 1792இல்தான் முடித்தார்கள். மூன்று வருடத்தில், 1795இல், சண்டையே இல்லாமல் ஆங்கிலேயரிடம் கொடுத்தார்கள். நூற்றாண்டுக்கு மேல் கட்டிய ஒன்றை இவ்வளவு லேசாகக் கொடுத்தவர்கள் குறைவு. உள்ளே 1706இல் கட்டிய சிலுவை வடிவத் தேவாலயம் இருந்தது. போருக்குப் பிறகு இன்று அது கற்குவியல். உள்ளே நுழைந்ததும் மதிலில் ஏற அவசரப்படாமல், சுவருக்கு முகத்தைக் கிட்டக் கொண்டுபோய்ப் பாருங்கள். முருகைக்கல், அதாவது பவளப்பாறைக் கல். தேன்வதைக்குள் எட்டிப் பார்ப்பதுபோல் சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொன்றுக்குள்ளும் நட்சத்திரமாய்க் கோடுகள். கடலுக்குள் வாழ்ந்த சிற்றுயிர்கள் கட்டிய வீட்டை அறுத்து எடுத்துத்தான் மனிதர் கோட்டை கட்டினார்கள். சில கற்களில் சங்கும் சிப்பியும் அப்படியே ஒட்டியிருக்கும். பிள்ளைகளோடு போனால் இதை ஒரு விளையாட்டாக்கிவிடலாம். யார் கண்ணுக்கு முதலில் சிப்பி தெரிகிறது என்று விட்டால் கோட்டையைச் சுற்ற அவர்களை இழுக்க வேண்டியதில்லை.

மதிலின் மேலே ஏறினால் பரவைக்கடலும் பண்ணைப் பாலமும் தெரியும். பொழுது படும்போது காற்று வரும். கோட்டை சாத்தியதும் பண்ணைக் கரைக்கு நடந்து போய்க் கடலையும் கச்சானுமாக இருந்துவிட்டு வரலாம்.

மேற்கே தீவுகள்

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களில் பாதிப்பேர் நெடுந்தீவு என்று சொல்லிக்கொண்டுதான் விமானம் ஏறுகிறார்கள். குதிரைகள், பெருக்க மரம், முருகைக்கல் வேலிகள் என்று படங்களைப் பார்த்துவிட்டு வருவார்கள். படங்கள் பொய் இல்லை. ஆனால் நெடுந்தீவைப் பார்க்க எவ்வளவு நேரம் போகும் என்பது படத்தில் தெரியாது.

கணக்கு இப்படி. யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவான் இறங்குதுறைக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல். அங்கிருந்து படகில் கிட்டத்தட்ட இன்னொரு மணி. திரும்பும் படகு மத்தியானத்துக்குப் பிறகு. அதைத் தவறவிட்டால் இரவு தீவில்தான். இடையில் கிடைக்கும் சில மணி நேரத்தில், நண்பகல் வெயிலில், ஐம்பது சதுர கிலோமீற்றர் அளவுள்ள தீவை ஓட்டோவிலோ லான்ட்மாஸ்டர் என்ற சிறு உழவு இயந்திர வண்டியிலோ சுற்ற வேண்டும். ஒல்லாந்தர் கோட்டை இடிபாடு, புறாக்கூடு, "வளரும் கல்", பெருக்க மரம் என்று ஓட்டுநரிடம் ஒரு பட்டியல் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம். குதிரைகள் தெற்கு வெளியில் மேயும், அவை உங்கள் நேரத்துக்கு வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

காற்றையும் பார்க்க வேண்டும். சோழகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் கடல் கொந்தளிப்பாக இருக்கும். வாடை நாட்களில், குறிப்பாக நவம்பர் டிசம்பரில், சில நாள் படகே ஓடாது. முதல்நாள் இறங்குதுறையில் யாரையாவது தொலைபேசியில் பிடித்துக் கேட்பதே உறுதி. இணையத்தில் போட்டிருக்கும் படகு நேரத்தை நம்பி வெளிக்கிட வேண்டாம்.

இதையெல்லாம் சொன்ன பிறகும் நெடுந்தீவுக்குப் போகத்தான் வேண்டும் என்று நான் சொல்லும் ஆட்கள் உண்டு. கல் பார்க்கப் பிடிப்பவர்கள் அவர்கள். சாந்து எதுவும் இல்லாமல் முருகைக்கல்லைக் கல்மேல் கல்லாக அடுக்கிய வேலிகள் வளவுக்கு வளவு ஓடுகின்றன. அடுக்கியவர் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. கோட்டைச் சுவரில் சாந்துக்குள் பூசிக் கிடந்த அதே கல், இங்கே காற்றுப் புகும் இடைவெளியோடு நிற்கிறது. ஊரவர் கையால் செய்த பொதுக்கலை என்று வடமாகாணத்தில் எதையாவது காட்டச் சொன்னால் நான் முதலில் காட்டுவது இந்த வேலிகளைத்தான். இன்னொன்றையும் தவறவிடக்கூடாது. 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் கொல்லப்பட்டவர்களுக்கு நெடுந்தீவில் நினைவுத்தூபி இருக்கிறது. நீங்கள் வந்த அதே கடல்வழியில் நடந்தது அது.

ஆனால் இதற்கு இரவு தங்கினால்தான் நியாயம். பின்னேரப் படகு போன பிறகும், விடியக் காலைப் படகு வருமுன்னும் உள்ள நெடுந்தீவு வேறு. ஒரே நாளில் போய்த் திரும்பும் நெடுந்தீவை நான் யாருக்கும் சொல்வதில்லை.

தீவுக்குப் போன மாதிரியும் இருக்க வேண்டும், நாளும் முழுக்கப் போகக்கூடாது என்றால் நயினாதீவு. குறிகட்டுவானிலிருந்து படகில் கால் மணி நேரம் போலத்தான். நாகபூசணி அம்மன் கோயில் இறங்குதுறையிலேயே நிற்கிறது, அதே கரையில் நடந்தால் நாகவிகாரை. வயதானவர்களை நிதானமாக ஏற்றி இறக்கலாம். ஆனால் நயினாதீவுப் பயணத்தில் எனக்குப் பிடித்தது தீவைவிட வழிதான். வேலணையிலிருந்து புங்குடுதீவுக்குப் போகும் நீண்ட கடல்வீதியில் இரண்டு பக்கமும் நீர், ஆழமில்லாத இடத்தில் இறால்கூடுகள், மாரி முடிந்த மாதங்களில் கூட்டமாய்ப் பறவைகள். பஸ்ஸின் ஜன்னலோரம் கிடைத்துவிட்டால் அதுவே பாதிப் பயணம். முடிந்தால் ஓரிடத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள்.

காரைநகர்க் கசூரினாக் கடற்கரையையும் இந்தத் திசையில் சேர்ப்பார்கள். கடல் வெகுதூரம்வரை முழங்கால் ஆழந்தான், சின்னப் பிள்ளைகளுக்கு அதைவிடப் பாதுகாப்பான கடல் இங்கே குறைவு. சனி, ஞாயிறில் நெரிசல். கலையோ கதையோ தேடி அங்கே போக வேண்டியதில்லை.

வடகரை

இந்தத் திசைக்குப் பெயர் வைப்பதே கஷ்டம். கீரிமலை வலிகாமம், வல்வெட்டித்துறையும் பருத்தித்துறையும் வடமராட்சி. ஒரே கடற்கரையில் இருக்கிறது என்பதுதான் இவற்றைச் சேர்க்கிறது. பஸ்ஸில் போனால் இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பது அலைச்சல். சொந்த வாகனமோ வாடகை மோட்டார்சைக்கிளோ இருந்தால் அருமையான நாள். பலாலிப் பக்கம் கரையோர வீதி முழுக்கத் திறந்திருக்கும் என்று எண்ணி வெளிக்கிடாதீர்கள். இராணுவத்திடமிருந்து விடுபட்ட இடம் எது, விடுபடாத இடம் எது என்பதை ஊர் ஓட்டுநர்தான் அறிவார்.

கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்குபவர்களுக்கு இது கைக்கெட்டும் திசை. கீரிமலை அங்கிருந்து மிகக் கிட்ட. யாழ்ப்பாணத்திலிருந்து போகிறவர்களுக்குக் காங்கேசன்துறைவரை ரயிலும் உண்டு, போரில் நின்ற பாதை 2015 தொடக்கத்தில் மறுபடி திறந்தது.

கீரிமலைக் கேணியை ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் உப்புக்கடல் அடித்துக்கொண்டிருக்கும், இந்தப் பக்கம் நன்னீர் ஊற்று. பேய்க்கதையும் இல்லை, அதிசயமும் இல்லை. குடாநாட்டில் ஆறு கிடையாது. விழும் மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, நிலத்தடிப் பொந்துகளில் நடந்து, கரையில் வெளியே வருகிறது. நிலாவரைக் கிணற்றின் ஆழமும் அதே சுண்ணக்கல்லின் வேலைதான். இதைத் தெரிந்துகொண்டு இறங்கினால் அந்தக் குளிர் இன்னும் கூடுதலாய் இருக்கும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனிக் கேணிகள். ஆடி அமாவாசையன்று பிதிர்க்கடன் செய்ய வரும் கூட்டத்தில் நிற்கவும் இடமிராது. குளிக்க மட்டும் ஆசையென்றால் அன்று போகாதீர்கள். பக்கத்தில் நகுலேஸ்வரம், இலங்கையின் ஐந்து ஈச்சரங்களில் ஒன்று.

வடமராட்சிப் பக்கம் நான் முதலில் நிறுத்தச் சொல்வது பருத்தித்துறைத் தெருமூடி மடத்தில். வெளியூரிலிருந்து வருபவர்களில் பலருக்கு இதன் பெயரே தெரியாது. பெயர் சொல்வதுபோல, வீதிக்கு மேலேயே கூரை போட்ட மடம். இரண்டு பக்கமும் கல்தூண்கள், தூண்களுக்கிடையே திண்ணை, நடுவால் வீதி. பொதி சுமந்து வந்தவர், நடந்து களைத்தவர் குந்தி எழும்பட்டும் என்று கட்டியது. இன்றும் வெயில் நேரத்தில் யாராவது அந்தத் திண்ணையில் சாய்ந்திருப்பார்கள். முன்பு வீதியோரங்களில் தலைச்சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கிகளும், மாடுகள் முதுகு தேய்க்க ஆவுரோஞ்சிக் கற்களும் இருந்தன, ஒழுங்கைகளில் தேடினால் இன்றும் சில கிடைக்கும். ஓர் ஊர் யாரை நினைத்துக் கல் நட்டது என்று பார்க்க விரும்புபவருக்கு, சிலைகளைவிட இவை அதிகம் சொல்லும். மடத்தில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் பருத்தித்துறை வடை ஒரு பை வாங்கிக்கொள்ளுங்கள், கடற்கரையில் கொறிக்க அதைவிட நல்லது இல்லை.

பருத்தித்துறை வெளிச்சவீடு 1916இலிருந்து நிற்கிறது. ஏறிப் பார்க்கும் இடமாக நினைத்துப் போக வேண்டாம், வெளியில் நின்று பார்ப்பதுதான். இலங்கையின் வடமுனையான சக்கோட்டையில் படமெடுப்பவர் கூட்டம் எப்போதும் இருக்கும். படம் எடுத்துவிட்டு நகரலாம். அதைவிட மணற்காட்டுக்கு நேரம் ஒதுக்குங்கள். மணல்மேடுகளுக்கு நடுவே பழைய அந்தோனியார் தேவாலயத்தின் சுவர்கள் பாதி புதைந்து நிற்கின்றன. காற்று ஒவ்வொரு பருவத்திலும் மணலை ஏற்றி இறக்குவதால், ஒருவர் பார்த்த சுவரின் உயரம் அடுத்தவர் பார்க்கும்போது மாறியிருக்கும். நிழல் அறவே இல்லை. காலை எட்டு மணிக்கு முன் அல்லது மாலை நாலரைக்குப் பின்.

ஆனால் வடகரைக்கே ஒரு நாள் உண்டு, அன்று மற்ற இரண்டு திசைகளும் போட்டிக்கு நிற்க முடியாது. தைப்பொங்கல் பின்னேரம் வல்வெட்டித்துறை உதயசூரியன் கடற்கரையில் பட்டத்திருவிழா. ஏறும் பட்டங்கள் கடையில் வாங்கும் பட்டங்கள் இல்லை. மாதக்கணக்கில் மூங்கிலைச் சீவி, கட்டி, ஒட்டிச் செய்தவை. கப்பலும் பறவையும் விமானமும் கைகால் அசைக்கும் உருவங்களுமாக வாடைக்காற்றில் ஏறும். சில பட்டங்களில் விண் பூட்டியிருப்பார்கள், மேலே போனதும் அது கூவும். நூலைப் பிடித்து நிற்பது ஒருவர் இல்லை, ஒரு குழு. காற்றுக்கு ஏற்றாற்போல் பின்னுக்கும் முன்னுக்கும் ஓடுவார்கள், கீழே விழுந்தால் கூட்டம் முழுவதும் "ஐயோ" என்று சொல்லும். பொதுக்கலை என்ற சொல்லுக்கு யாழ்ப்பாணம் தரும் மிக நல்ல விளக்கம் இது. ஆனால் ஒரு பின்னேரத்துக்கு மேல் நிற்காது. ஊருக்குள் வாகனம் போக இடமிராது. தூரத்தில் விட்டுவிட்டு நடக்க ஆயத்தமாக வாருங்கள்.

அப்படியானால் எதை எடுப்பது?

பருவத்தை வைத்து முதலில் முடிவெடுங்கள். தைப்பொங்கல் என்றால் யோசனையே வேண்டாம், வடமராட்சி. ஆடி ஆவணியில் நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாட்களுக்குள் வந்தால் நகரும் நல்லூரும். அதிலும் பத்தாம் நாள் மஞ்சமோ, 23ஆம் நாள் சப்பறமோ, 24ஆம் நாள் தேரோ உங்கள் தேதியில் வந்தால் மற்றதெல்லாம் அடுத்த வருடத்துக்கு. தேரைப் பற்றித்தான் எல்லோரும் சொல்வார்கள். என் கண்ணுக்குச் சப்பறம் இன்னும் பெரிய வேலை. ஒரே இரவுக்காக அவ்வளவு உயரத்துக்குக் கட்டி, அலங்கரித்து, வெளிச்சத்தில் அசைத்து நகர்த்துவார்கள். அந்நாட்களில் கோயிலைச் சுற்றிய வீதிகளில் வாகனம் விடமாட்டார்கள், ஆதலால் கோயிலுக்குக் கிட்டவே தங்குங்கள். நவம்பர், டிசம்பர் மழைக்குத் தீவை அடியோடு விட்டுவிடுங்கள். மழையிலும் நகரம் பார்க்கலாம், நூலகம் இருக்கிறது.

பிறகு கூட வருபவர்கள். முழங்கால் நோவுள்ள அம்மாவோடு என்றால் நயினாதீவு அல்லது கீரிமலை. நடக்கச் சலிக்கும் பிள்ளைகளோடு என்றால் காலையில் நல்லூர், பின்னேரம் கோட்டை, இடையில் நீண்ட தூக்கம். கமராவோடு தனியாக வருபவர் என்றால் வடகரை, அதுவும் மோட்டார்சைக்கிளில். வரலாற்றில் ஈடுபாடு உள்ளவருக்கு நகரம். இரண்டு இரவு இருந்து, தனிமை பிடித்தால் நெடுந்தீவு, ஒரு இரவு தங்கி.

பணத்தைப் பார்த்தால் நகரம்தான் மலிவு, அடுத்தது பஸ்ஸில் போகும் நயினாதீவு. வடகரைக்கு வாகன வாடகை கூடும். நான்கைந்து பேராகப் பிரித்தால் பாரமில்லை. ஓட்டோவோ வானோ பேசும்போது இடங்களின் பட்டியலைச் சொல்லாமல் நேரத்தைச் சொல்லிப் பேசுங்கள்: "காலை ஆறிலிருந்து பகல் பன்னிரண்டுவரை, நாங்கள் சொல்லும் இடத்தில் நிற்க வேணும்" என்று. இடக்கணக்கில் பேசினால் அவருக்கு அடுத்த இடத்துக்குப் போகத்தான் அவசரம் இருக்கும்.

ஒன்றரை நாள் கிடைத்தால் முதல் நாள் நகரமும் நல்லூரும், அடுத்த நாள் விடியக் கீரிமலைக் குளிப்பும் பருத்தித்துறை மடமும் மணற்காடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை ஐந்தரைக்கு வெளிக்கிட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்கு யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிவிடலாம், கொழும்பு ரயிலுக்கும் நேரம் இருக்கும். துவாயும் மாற்றுடுப்பும் கொண்டுபோக மறக்காதீர்கள்.